உள்ளே போனதும் பெரட்டு

தலை தப்பிய கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் பயமுறுத்தும் இடம் ஒன்று வருகிறது.

1988-இல் மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில், கெடா மாநிலத்து ரப்பர் தோட்டங்கள் சிலவற்றை நிர்வகித்த ஒரு கம்பெனியின் ஆபீசில் எனக்கு வேலை. பெயர் ஜெனவீவ். ஆபீசில் பாதிப் பேர் ஜெனி என்றார்கள், மீதிப் பேர் கம்ப்யூட்டர் பொண்ணு என்றார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன். கம்பெனி ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டரை வாங்கி ஏர்கான் போட்ட அறையில் உட்காரவைத்திருந்தது. அந்த ஆபீசில் ஏர்கான் கிடைத்த முதல் ஊழியர் அதுதான். இரண்டாவது நான், அதுவும் அதன் புண்ணியத்தில்.

அந்த மெஷினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கேட்டாலொழிய எதையும் சொல்லாது. அதற்குள் எல்லாமே அறைக்குள் அறை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் அறை, தோட்டத்துக்குள் டிவிசனுக்கு ஓர் அறை, டிவிசனுக்குள் ஆளுக்கு ஒரு கோப்பு. ‘சி டி’ என்று அடித்து அறையின் பெயரைச் சொன்னால் உள்ளே கொண்டுபோய் விடும். விட்டதோடு சரி. இது எந்த அறை, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை பேசாது. திரையின் ஓரத்தில் ஒரு சதவீதக் குறியை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். உள்ளே இருப்பவர்கள் யார் என்று தெரியவேண்டுமானால் ‘எல் எஸ்’ என்று தனியாக அடித்துக் கேட்கவேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை போய்வருகிறவள் நூறு தடவையும் கேட்பாளா? நான் கேட்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர்தான்.

அறைகளுக்குப் பெயர் வைத்ததும் நான்தான். அதில்தான் வினையே. தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாது என்பதால், பக்கத்து ஊரின் பெயரை வைத்து மெர்போக், செர்டாங் என்று எழுதினேன். டிவிசன்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாத் தோட்டத்துக்கும் அதே ஒன்று, இரண்டு, மூன்று. நம் தோட்டத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். “எங்கே இருக்கீங்க?” என்றால் “ரெண்டாம் டிவிசன்” என்பார்கள், உலகத்திலேயே ஒரே ஒரு ரெண்டாம் டிவிசன்தான் இருக்கிற மாதிரி. நானும் ஒரு ரெண்டாம் டிவிசனில் பிறந்தவள்தான். எனக்கும் அப்படித்தான் வந்தது.

எட்டு மாதம் உட்கார்ந்து செக்ரோல் என்ற பழைய ஆள்கணக்குப் புத்தகங்களையெல்லாம் மெஷினில் ஏற்றினேன். யார் எந்த வருஷம் பெயர் பதிந்தார், எத்தனை நாள் வேலைக்கு வந்தார், யாருக்கு யார் புருஷன், எந்த லயத்தில், அதாவது எந்த வரிசை வீட்டில் குடி, எல்லாம். புத்தகங்களில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. ஏற்றி முடித்த புத்தகங்களை எங்கள் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், லியோனார்ட் சார் பின்கட்டுக்குக் கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார். இடத்தை அடைக்கிறதாம். மெஷினில் இருப்பதை நாடாவில் நகலெடுத்து வைக்கும் கருவி கெட்டுப்போய்ப் பினாங்குக்குப் போயிருந்தது. மூன்று வாரமாக வரவில்லை. அந்த மூன்று வாரத்தில் கடைசியாக ஏறியது மெர்போக் ரெண்டாம் டிவிசன். அறுபத்து மூன்று பேர். நகல் கிடையாது, புத்தகம் கிடையாது. மெஷினில் இருந்தால் உண்டு.

அந்த அறுபத்து மூன்றில் ஒருவர் மருதம்மாள்.

மருதம்மாள் அக்காவுக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. மெர்போக் தோட்டத்து லயத்திலேயே பிறந்து, 1949-இலிருந்து அங்கேயே பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். பிறப்பை யாரும் பதியவில்லை. அதனால் கையில் இருந்த அடையாள அட்டை சிவப்பு ஐசி. பிறந்த நாட்டிலேயே குடிமகள் இல்லை. அடுத்த வருஷம் ஐம்பத்தைந்து முடிந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். அரசாங்கத்தின் மலிவு வீட்டுக்கு மனுப் போடக் குடிமக்களுக்கான நீல ஐசி வேண்டும். அதற்காக இரண்டு முறை நேர்காணலுக்குப் போய், இத்தனை வருஷம் இங்கேதான் இருந்தேன் என்று காட்ட ஒரு தாள்கூட இல்லாமல் திரும்பி வந்திருந்தார். புருஷன் அப்பளசாமி நாலு வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். சாட்சி சொல்லச் சொந்தத்தில் ஆளில்லை. மூன்றாவது நேர்காணல் அந்த ஜூலை மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை. வருஷம் வருஷமாகக் கணக்குக் காட்டும் கடிதம் ஒன்றை மெஷினிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை லியோனார்ட் சார் கையெழுத்துப் போடவேண்டியது, அவ்வளவுதான் பாக்கி.

அதற்கு முந்தின சனிக்கிழமை அரை நாள் வேலை. காலையெல்லாம் மருதம்மாள் அக்காவின் கோப்பில் அவர் அப்பாவின் பெயரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு லியோனார்ட் சார் தலையை உள்ளே நீட்டி, மெஷினில் இடம் இல்லை என்று அதைப் பராமரிக்கும் பினாங்கு ஆள் போனில் கத்துகிறான், அந்த ரெண்டாம் டிவிசனைத் துடைத்துவிடு என்றார். செர்டாங் ரெண்டாம் டிவிசனைத்தான் சொன்னார். அது செம்பனை எண்ணெய்க் கம்பெனிக்குக் கைமாறி, அதன் பதிவுகளும் அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. எனக்கு அது தெரியும். ஒரு மணிக்கு பஸ். ஒரு கையால் பையை எடுத்துக்கொண்டே மறு கையால் அடித்தேன். ரெண்டாம் டிவிசனுக்குள் போ. பிறகு ‘ஆர் எம்’, ஒரு நட்சத்திரம். உள்ளே இருப்பதையெல்லாம் அழி என்று அர்த்தம். மெஷின் அழிக்கவா என்று கேட்காது, அழித்துவிட்டேன் என்றும் சொல்லாது. கொஞ்ச நேரம் முனகிவிட்டுச் சதவீதக் குறியைக் காட்டியது. திரையை அணைத்துவிட்டுக் குடையோடு ஓடினேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

மறுநாள் ஞாயிறு காலைப் பூசையில்தான் அது உறைத்தது. எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் இறந்தவர்களுக்கான மன்றாட்டில் உபதேசியார் பெயர்களை வாசிப்பார். அன்றைக்கு வாசித்துக்கொண்டே போனார். பின் வரிசையிலிருந்து அகத்தா அம்மா எழுந்து நின்று, கோவில் என்றும் பார்க்காமல், தன் மகன் வால்டர் பெயரைக் காணோமே என்று கேட்டுவிட்டார். உபதேசியார் தாளைப் புரட்டிப் பார்த்தார். போன வாரத்துத் தாள். இந்த வாரத்துத் தாள் அடியில் கிடந்தது. பெயர்களைச் சத்தமாக வாசித்ததால் தப்பு வெளியே வந்தது, இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

சுற்றி இருந்தவர்கள் லேசாகச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று ரெண்டாம் டிவிசன் என்று அடித்தேன், எந்தத் தோட்டத்து ரெண்டாம் டிவிசன்? காலையெல்லாம் மெர்போக்கில் இருந்தேன். செர்டாங் என்று அடித்த ஞாபகம் விரலில் இல்லவே இல்லை. எல் எஸ் அடித்துப் பார்க்கவும் இல்லை. அதற்குமேல் சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது.

ஆபீஸ் சாவி லியோனார்ட் சாரின் இடுப்பில். அவரோ குடும்பத்தோடு புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போயிருந்தார். அத்தனை ஆயிரம் பேர் கூட்டத்தில் போய் அவரை எங்கே தேடுவது? திங்கட்கிழமை வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வேலை போகும் என்ற பயம்கூட எனக்கு அப்போது இல்லை. அந்த அம்மாவின் முப்பத்தொன்பது வருஷத்தை ஒரு கையால் அழித்துவிட்டு பஸ் ஏறினேனே என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

இது போதாதென்று, பூசை முடிந்து பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தால் எதிரே மருதம்மாள் அக்கா. பாசார் சந்தைக்கு வந்திருக்கிறார், கையில் ஜவுளிக்கடைப் பை. செவ்வாய்க்கிழமைக்கு உடுத்திக்கொள்ள ஒரு சேலை வாங்கினாராம். பையைத் திறந்து காட்டினார். கத்தரிப்பூ நிறம்.

“என்னா கிராணிம்மா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. பசியாறலயா?”

தலைவலி என்றேன்.

“ரெண்டு வாட்டி வெறுங்கையோட போயி நின்னேன். இந்த வாட்டி பயமில்லலா. நீ காயிதம் தரேன்னு சொல்லிட்டியே.”

எல்லாம் தயாராக இருக்கிறது அக்கா, நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாய் சொன்னது. என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே அதுதான் கேவலமானது என்று அப்போது நினைத்தேன். அவர் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு மெர்போக் பஸ் ஏறினார். அந்தப் பழத்தை என்னால் தொடமுடியவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே ஆபீஸ் வாசலில் நின்றேன். லியோனார்ட் சார் எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தார். திருவிழாவில் நடந்த நடையில் கால் வலி என்று சொல்லிக்கொண்டே பூட்டைத் திறக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு பிள்ளையையே வளர்த்து ஆளாக்கியிருப்பேன். உள்ளே ஓடித் திரையைப் போட்டேன். மெர்போக், ரெண்டாம் டிவிசன், சி டி. சதவீதக் குறி வந்தது. எல் எஸ் என்ற இரண்டு எழுத்தை அடித்துவிட்டேன், ஆனால் அதற்குப் பிறகு தட்டவேண்டிய பொத்தானைத் தட்ட விரல் போகமாட்டேன் என்றது. “மாதாவே” என்று சொல்லித் தட்டினேன்.

பெயர்கள் வந்தன. அப்பளசாமியில் தொடங்கி, நாலு வரிசையாக, திரை நிறைய. மாரியம்மா. மருதம்மாள். மெஷினில் ஒரு பெயருக்குப் பதினான்கு இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் இடமில்லை. மிகச் சரியாகப் பதினான்கு எழுத்தில் அடங்கிய சீதாலட்சுமி உட்பட எல்லாரும் அப்படியே இருந்தார்கள். எண்ணினேன், அறுபத்து மூன்று. நம்பாமல் திரும்ப எண்ணினேன், அறுபத்து மூன்றேதான். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். அழுகை வந்தது. ஏர்கானில் கண் எரிகிறது என்று யாரும் கேட்காமலேயே காரணம் சொன்னேன்.

சரி, அப்படியானால் செர்டாங்கைத்தான் அழித்திருக்கிறேன், என் விரல் என்னைவிடப் புத்திசாலி என்று நினைத்து அங்கே போய்ப் பார்த்தால், அங்கேயும் எல்லாரும் இருக்கிறார்கள். ஒருவர் குறையவில்லை.

பிறகு நான் எதைத்தான் அழித்தேன்?

அப்போதுதான் புரிந்தது. சி டி என்று மட்டும் அடித்து, எங்கே என்று சொல்லாமல் பொத்தானைத் தட்டினால் மெஷின் நம்மை அதற்குள் நம் பெயரில் இருக்கும் சொந்த அறைக்குக் கொண்டுபோய்விடும். அவசரத்தில் அதைத்தான் முதலில் செய்திருக்கிறேன். அதற்கு மேல் ரெண்டாம் டிவிசனுக்குப் போ என்றேன். என் அறையில் ஏது டிவிசன்? தப்பானால் மட்டும் வாய் திறக்கும் மெஷின், அப்படி ஓர் அறை இல்லை என்று சொல்லியிருக்கும், நான் குடையைத் தேடித் திரும்பியிருப்பேன். பிறகு எல்லாவற்றையும் அழி என்றேன். என் அறையில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டது, பாவம், சொன்னதைச் செய்தது.

என் அறையில் இருந்தவை கோவில் பாட்டுகள். தமிழ் படிக்கத் தெரியாத இளவட்டங்களுக்காக, நூற்று எண்பத்தாறு பாட்டை மலாய்ப் பள்ளியில் படித்த ரோமன் எழுத்திலேயே அடித்து வைத்திருந்தேன். இரண்டு வருஷ வேலை, எல்லாம் கம்பெனி நேரத்தில். அது மெஷினில் இருப்பது லியோனார்ட் சாருக்குத் தெரியாது. எட்டிப் பார்த்து, இப்போது கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறதாமே, சொன்னதைச் செய்துவிட்டாயா என்றார். செய்துவிட்டேன் சார் என்றேன். பாட்டுக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் கேதரின் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அச்சடித்த தாள்கள் அவளிடம் இருந்ததால் நூற்று எண்பத்தாறையும் திரும்ப அடித்தேன், ஒரு பாட்டுக்கும் அலுத்துக்கொள்ளவில்லை. இல்லை, பொய் சொல்லக்கூடாது. நாற்பதாவது பாட்டில் அலுத்துக்கொண்டேன்.

ஆனால் அது பிறகு. அந்தக் காலையில் எனக்கு என் மேலேயே நம்பிக்கை போயிருந்தது. இனி ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன் என்று சபதம் எடுக்கலாம். நான் எடுத்த சபதங்களின் ஆயுள் எனக்குத் தெரியும். மெஷினின் தடித்த கையேட்டை எடுத்துப் புரட்டினேன். அதில் ஒரு வசதி இருந்தது. ஒரு கட்டளைக்கு நாமே வேறு வேலை சொல்லிவைக்கலாம். அதை எழுதிவைக்கும் சின்னக் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கும்; அப்படிப்பட்டதை நட்சத்திரம் தொடாது என்பதால், என் சனிக்கிழமைத் துடைப்பத்திலிருந்து அது மட்டும் தப்பியிருந்தது.

எனக்குப் பெரட்டுதான் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் விடியுமுன் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்பார்கள். மண்டோர் என்ற மேஸ்திரி பெயர் பெயராகக் கூப்பிடுவார், அவரவர் குரல் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் யாரும் மரத்தில் கத்தி வைக்கக்கூடாது. யாராவது நினைவு வைத்துக்கொண்டு நடத்துவதில்லை அது. விடிந்தால் பெரட்டு, அவ்வளவுதான். அதையே மெஷினுக்கும் சொல்லிவைத்தேன். இனி சி டி என்றால் அறைக்குள் போவது மட்டும் இல்லை. போனதும் இது எந்தத் தோட்டத்து எந்த டிவிசன் என்று முதல் வரியில் காட்டவேண்டும், அதன் கீழே உள்ளே இருக்கிறவர்கள் எல்லாருடைய பெயரையும் வரிசையாகக் காட்டவேண்டும். கேட்டாலும் கேட்காவிட்டாலும். நாலைந்து தடவை தப்பாக எழுதி, ஐந்தாவதோ ஆறாவதோ தடவை சரியாக வந்தது. செர்டாங்குக்குள் போனேன், பெயர்கள் தாமாகவே வந்து நின்றன. இதுதான் செர்டாங் என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் துடைத்தேன்.

மத்தியானம் மருதம்மாள் அக்கா வந்தார். கடிதத்தை அச்சடித்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கித் தயாராக வைத்திருந்தேன். 1949 முதல் வருஷம் தவறாமல், மூன்று தாள். கையில் வாங்கிக்கொண்டு, இதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளேயா இருந்தது என்று கேட்டார். உட்காரச் சொல்லி, சி டி அடித்துக் காட்டினேன். திரை நிறையப் பெயர்கள் வந்தன. அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் நான் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தேன்.

“அப்பளசாமி.”

“அவரு இல்லீங்க” என்றார் அக்கா. என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, எங்கேயோ பார்த்துச் சொன்னார். நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். அவர் அடுத்த பெயருக்காகக் காத்திருந்தார். வாசித்துக்கொண்டே போனேன். குணவதி கூலிம் பக்கம் மகனோடு போய்விட்டது என்றார். மாரியம்மா இப்போதுதான் மரம் வெட்டிவிட்டு வந்து படுத்திருக்கும் என்றார்.

“மருதம்மாள்.”

“இருக்கேன்.”

சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு முழுதும் எனக்கு அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்குப் போய், கறுக்கத் தொடங்கியிருந்த அந்த வாழைப்பழங்களில் ஐந்தை ஒரே மூச்சில் தின்றேன்.

லியோனார்ட் சார் என் திரையைப் பார்த்துவிட்டு, பெயரெல்லாம் தானாக வருகிறதே, மெஷின் கெட்டுவிட்டதா என்றார். பெரட்டு சார் என்றேன். அவரே இரண்டு நாள் கழித்து வந்து தனக்கும் அப்படி வைத்துத் தரச் சொன்னார்.

நேர்காணல் முடிந்து மாதக்கணக்கில் தகவல் இல்லை. கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள், நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள் என்று மட்டும் அக்கா சொல்லியனுப்பியிருந்தார். அடுத்த வருஷம் மார்ச்சில் ஒரு நாள், நான் ஏதோ ஒரு டிவிசனுக்குள் போய்ப் பெயர்கள் வரக் காத்திருந்தபோது போன் அடித்தது. மெர்போக் தோட்டத்து ஆபீசிலிருந்து. எடுத்து யார் என்று கேட்டேன். எதிர்ப்பக்கம் ஹலோ, ஹலோ என்று கத்தல்தான் வந்தது. போனில் பேசிப் பழக்கமில்லாதவர் என்று தெரிந்தது. மறுபடியும் யார் என்று கேட்டேன்.

“ரெண்டாம் டிவிசன் மருதம்மா” என்றது குரல். “நீலக் கார்டு கைக்கு வந்துருச்சி. இருக்கேன்லா, கிராணிம்மா. இருக்கேன்.”